கல்மூஞ்சிக்கு இரண்டு கட்டம்

மீனின் காதுக்குள் கல் இருக்கிறது. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இது தெரியாது, மீனுக்கும் தெரியாது. தெரிந்த சொற்பப் பேரில் ஒருவர் வளையக்காரர். அந்தக் கல்லை எடுத்துப் பிசினில் பதித்து, வைர ரம்பத்தால் மெல்லிய சில்லாக அறுத்து, தேய்த்து மெருகேற்றி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால் வளையம் வளையமாகத் தெரியும். ஒரு வெளுத்த வளையமும் ஒரு கறுத்த வளையமும் சேர்ந்தால் மீனுக்கு ஒரு வயது. ஆழ்கடல் மீன்வள மதிப்பீட்டு நிறுவனத்தின் இரண்டாவது மாடியில், கழிவறைக்கும் ஆவண அறைக்கும் நடுவே உள்ள ஒற்றை ஜன்னல் அறையில் உட்கார்ந்து, இருபத்துமூன்று வருடமாக அவர் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை.

எந்த மீனை எவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்வது நிறுவனத்தின் வேலை. அங்கே நூற்றுநாற்பது பேர் இருந்தார்கள். மீனைத் தொடுகிறவர்கள் மூன்று பேர். மற்ற எல்லோரும் அந்த மூன்று பேர் மீனைத் தொட்டதற்கான தாள்களைத் தொடுகிறவர்கள். தாள்களில் தலையாயது ஏழாம் படிவம். மீனின் நீளம், எடை, பிடிபட்ட ஆழம், வயது எல்லாவற்றுக்கும் அதில் கட்டங்கள் உண்டு. வயதுக்கு இரண்டு கட்டம்.

ஒன்பது வருடங்களுக்கு முன் அந்த அறைக்கு முதல்முறையாகக் கல்மூஞ்சி வந்தது. கரையிலிருந்து இரண்டு நாள் பயணத்தில் கடலுக்கு அடியில் ஒரு மலை உண்டு. அதன் உச்சிக்கே ஆயிரம் மீட்டர் தண்ணீர் இறங்கவேண்டும். வெளிச்சம் போகாத, குளிர் மட்டும் குடியிருக்கிற இடம். அங்கே வாழ்கிற இந்த மீனுக்கு உடம்பெல்லாம் செங்கல் சிவப்பு. மேலே கொண்டுவந்தால்தான் சிவப்பு. கீழே சிவப்பு வெளிச்சமே எட்டாததால் அது கறுப்பு, அதாவது யார் கண்ணிலும் படாது. பெரிய தலை, எலும்பு துருத்திய முகம், எதற்கும் அசராத பார்வை. பார்த்த மாலுமிகள் கல்மூஞ்சி என்று கூப்பிட்டார்கள். நிறுவனத்துக்குள் அது வந்தபோது சொந்தக்கார வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது என்று கூட்டிப் பெருக்குகிறவர் ஒருமுறை சொன்னார். அவரிடம் விளக்கம் கேட்டு இன்னும் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது.

ஒன்று மட்டும் எல்லா மாலுமிக்கும் தெரியும். கல்மூஞ்சியின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குப் பழகிய பை. வலை மேலே வர வர அது உப்பி, வயிற்றையே வாய் வழியாக வெளியே தள்ளிவிடும். மேலே வந்த கல்மூஞ்சி எதுவும் உயிரோடு திரும்பிப் போனதில்லை.

முப்பது மீன்களின் காதுக்கற்கள் ஒரு மரப்பெட்டியில் வந்தன. முதல் கல்லை எண்ணினார் வளையக்காரர். நூற்றுப்பதினெட்டு. கண்ணைக் கழுவிவிட்டு வந்து எண்ணினார். நூற்றுப்பதினெட்டு. தன் கொள்ளுத்தாத்தா காலத்து மீனின் கல் தட்டில் கிடக்கிறதே என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று வாரத்தில் முப்பதையும் எண்ணி முடித்தார். இருபத்தாறு மீன்கள் நூறைத் தாண்டியவை. நாலே நாலு மட்டும் தொண்ணூறுகளில். முப்பது வயது வரை இந்த மீன் முட்டையிடுவதைப் பற்றி யோசிப்பதே இல்லை என்பதும் அந்த வளையங்களின் நெருக்கத்திலேயே தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஏழாம் படிவத்தை எடுத்து எழுத உட்கார்ந்தவர், இரண்டு கட்டத்தைப் பார்த்ததும் பேனாவை மூடினார். நேராகப் படிவப் பிரிவுத் தலைவியிடம் போனார்.

"அம்மா, வயசு மூணு இலக்கம் வருது. கட்டம் ரெண்டுதான் இருக்கு."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மீனுக்கு நூறு வயசா? நம்ம நிறுவனத்துல யாரும் அறுபதைத் தாண்டினதில்லை, தெரியுமில்ல?"

"எண்ணிப் பார்த்தேம்மா. மூணு தடவை."

"நீங்க எண்ணினது சரியாத்தான் இருக்கும். ஆனா கட்டம் போட்டவங்க சும்மா போடலை. குழு வச்சு, ரெண்டு வருஷம் உட்கார்ந்து போட்டது. மீன் வெளிய போகுதுன்னா அது மீனோட பிரச்சினை."

"அப்ப என்ன எழுதட்டும்?"

"கட்டத்துல எது பிடிக்குதோ அதை எழுதுங்க. இல்லன்னா இணைப்புத் தாள் போடுங்க. மூணு பேர் கையெழுத்து வேணும். ஒருத்தர் இன்னைக்கு லீவு, இன்னொருத்தர் நாலாவது மாடி, மூணாவது ஆள் யாருன்னு நான் பார்த்துச் சொல்றேன்."

இந்தக் கதையில் வளையக்காரரின் பங்கு என்று ஒன்று இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது. அப்போது மணி நாலே முக்கால். அலுவலகப் பேருந்து ஐந்து பத்துக்குக் கிளம்பும். அதை விட்டால் இரண்டு பேருந்து மாறி வீடு போக எட்டாகிவிடும். இணைப்புத் தாளைத் திங்கட்கிழமை போடலாம் என்று அவர் நினைத்தார். நினைத்துக்கொண்டே நூற்றுப்பதினெட்டுக்குப் பதினெட்டு என்று எழுதினார். நூற்றுஇருபத்துநாலுக்கு இருபத்துநாலு. நூற்றுஒன்பதுக்கு, கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதால், சுழியம் ஒன்பது. தொண்ணூறுகளில் இருந்த நாலை மட்டும் உள்ளபடியே எழுதினார். ஐந்து பத்துப் பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை வேறு மீன் வந்துவிட்டது.

நாலு மாதத்தில் அறிக்கை வெளியானது. இருபத்தாறு மீன்களின் சராசரி வயது இருபத்தொன்று என்றும், மிச்ச நாலு மீன்களின் வயது நம்பமுடியாதபடி அதிகமாக இருப்பதால் எண்ணியவரின் கவனக்குறைவு எனக் கருதி நீக்கப்பட்டன என்றும் அதில் கண்டிருந்தது. எழுதிய முப்பது எண்ணில் உண்மையானவை அந்த நாலுதான். கல்மூஞ்சி வேகமாக வளரும், விரைவில் மீளும், தாராளமாகப் பிடிக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. இயக்குநருக்கு ஒரு பதக்கம் வந்தது. அவர் அதை வரவேற்பறையில் கண்ணாடிக்குள் வைத்தார், கீழே "21" என்று பித்தளையில் பொறித்து.

இழுவைக் கப்பல்கள் மலைக்குப் போயின. அவற்றில் ஒன்றில் வளையக்காரரின் மச்சினன் வலை இழுக்கிற வேலைக்குச் சேர்ந்தான். மனைவியின் ஒரே தம்பி. எந்த வேலையிலும் நிலைக்காமல் அக்காவின் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தவன். முதல் பயணம் முடிந்து வந்தவன் முகமெல்லாம் பல்லாக நின்றான்.

"அத்தான், பத்து நிமிஷம் வலை போட்டா போதும், வலை கிழியுது. மலை மேல அப்படியே திரண்டு நிக்குது. நீங்க எண்ணின மீனுதான் எங்களுக்குச் சோறு போடுது."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் மனைவி தன் தம்பியை அப்படிப் பெருமையாகப் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. வளையக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அதன் பிறகு வருடா வருடம் அந்தப் பேச்சு சுருங்கியது. பத்து நிமிஷம் ஒரு மணியானது, ஒரு மணி ஒரு பகலானது. ஒன்பதாவது வருடம் வந்தவன் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், ஒண்ணு கேக்கணும். பதினெட்டு, இருபது வருஷத்துல பெரிசாகிடும்னு தானே உங்க ஆபீஸ்ல சொன்னாங்க? நாங்க பிடிக்க ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. பாதி சைஸ்லயாவது குட்டி வரணுமே. ஒண்ணு கூட வரலை. வர்ற நாலஞ்சும் கிழடு. பவளம்தான் உடைஞ்சு உடைஞ்சு வருது. கீழ என்னதான் நடக்குது?"

வளையக்காரருக்குத் தொண்டையில் சோறு நின்றது. மனைவி தண்ணீர் எடுத்து நீட்டினாள். "மெதுவா சாப்பிடுங்க, என்ன அவசரம்?" என்றாள். அவசரம்தான் காரணம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஒரு பேருந்துக்காக ஒரு மலையையே காலி செய்துவிட்டோமே என்று அன்று முழுக்க அவருக்கு நெஞ்சு அறுத்தது. அடுத்த மீன்பிடிப் பருவம் தொடங்க நாலு மாதம் இருந்தது. அதற்குள் எண்ணைத் திருத்திவிட்டால் மலையை மூடிவிடுவார்கள். மிச்சம் இருக்கிற மீனாவது பிழைக்கும். மறுநாளே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார்.

கடிதம் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. "பொருள்: என் தவறு" என்று ஒரு வகை நிறுவனத்தில் கிடையாதாம். விடுப்பு, இடமாற்றம், புகார் மூன்றில் ஒன்றைக் குறிக்கவும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அவர் புகார் என்று குறித்தார். யார் மேல் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். ஒரு வாரத்தில் அவருக்கே அறிவிப்பு வந்தது: உங்கள் மேல் சக ஊழியர் ஒருவர் கடுமையான குற்றச்சாட்டு வைத்துள்ளார், ஏழு நாளில் பதில் தரவும், புகார் தந்தவரை மிரட்டவோ தனிமையில் சந்திக்கவோ கூடாது. மூன்றாவது நிபந்தனையைக் காப்பாற்றுவது கஷ்டமாக இருந்தது. முகச்சவரம் செய்யும்போது அவர் கண்ணாடியை அதிகம் பார்க்கவில்லை.

விசாரணை அறையில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். விசாரணை அதிகாரி ஓய்வுக்குச் சமீபத்தில் இருந்த மனிதர்; சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதிப்பவர்.

"நீங்க யாரு?"

"புகார் குடுத்தவன் சார்."

"எதிர்த்தரப்பு வந்திருக்காரா?"

"அதுவும் நான்தான் சார்."

"அப்ப அவர் பேசறப்ப அந்த நாற்காலிக்குப் போங்க. இங்கருந்து பதில் சொன்னா செல்லாது."

வளையக்காரர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். இந்த நாற்காலியிலிருந்து, நூற்றுப்பதினெட்டைப் பதினெட்டு என்று எழுதினான் சார் என்றார். அந்த நாற்காலிக்குப் போய், ஆமாம் சார், எழுதினேன் என்றார். ஏன் என்று கேட்டார் அதிகாரி. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. அதிகாரி அந்த உடைந்த இடத்தைக் கவனமாகக் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு இப்படி வந்தது: "புகார்தாரரும் எதிர்த்தரப்பும் எல்லா விவரத்திலும் ஒத்துப் பேசுகிறார்கள். பொதுவாக இப்படி நடப்பதில்லை. இருவருக்கும் இடையே முன்கூட்டிய புரிதல் இருப்பதாகச் சந்தேகம் எழுகிறது. எனவே குற்றம் நிரூபிக்கப்படவில்லை. இருபத்துமூன்று வருடம் அப்பழுக்கின்றிப் பணியாற்றிய மூத்த ஊழியர்மேல் அவதூறு கிளப்பியதற்காகப் புகார்தாரர் எச்சரிக்கப்படுகிறார்." எச்சரிக்கையும் விடுதலையும் ஒரே உறையில் வந்தன.

கடைசியாக இயக்குநரிடமே போனார். பருவம் தொடங்க இரண்டு மாதம்தான் இருந்தது. முதல் மீனின் கல்லில் அறுத்த சில்லை எண்ணிய அன்றைக்கே அவர் யாருக்கும் தெரியாமல் மேஜை இழுப்பறையில் எடுத்து வைத்திருந்தார். அந்தச் சில்லை இயக்குநர் முன்னால் வைத்தார்.

"சார், இதுல நூத்திப்பதினெட்டு வளையம் இருக்கு. நீங்களே எண்ணிப் பாருங்க."

இயக்குநர் அதைத் தொடவில்லை. பெரிய மனசோடு சிரித்தார். "உட்காருங்க. நீங்க ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்கீங்க. இந்த இருபத்தொண்ணைப் பத்தி நான் பதினாலு மாநாட்டுல பேசியிருக்கேன். ஒருத்தர் கூட எழுந்து கேள்வி கேக்கலை. அவ்வளவு உறுதியான எண் அது. நீங்க சொல்றது நூத்துச் சொச்சம். அதைப் பத்தி ஒரு மாநாட்டுலயாவது பேசியிருக்கீங்களா?"

"இல்லை சார்."

"பார்த்தீங்களா? உண்மைன்னு நீங்க சொல்ற எண்ணுக்கு அனுபவமே இல்லை. இருந்தாலும் நம்ம நிறுவனம் திறந்த மனசுள்ள நிறுவனம். தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்குவோம். இதுவரைக்கும் தெரிஞ்சதில்லை, அவ்வளவுதான். விதி என்ன சொல்லுது? முப்பது மீன் சொன்ன வயசை முப்பது மீன் வந்துதான் மாத்தணும். அதே மலையில இருந்து, புதுசா. இதோ கப்பல் அனுப்பற விண்ணப்பம். கையெழுத்துப் போடுங்க. முப்பதோட சராசரி நூறைத் தாண்டிச்சுன்னா, அன்னைக்கே மலையை மூடறேன். சத்தியம்."

பிடிக்கக் கூடாது என்று நிரூபிக்க, பிடிக்கவேண்டும். வளையக்காரர் பேனாவை எடுத்தார். முப்பது போனால் மிச்சம் பிழைக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். இரண்டாவது முறையாகக் கல்மூஞ்சி விஷயத்தில் அவர் பேனா இறங்கியது.

மலையை நன்றாகத் தெரிந்த கப்பல் என்று மச்சினனின் கப்பலையே அமர்த்தினார்கள். கிடைக்கிற கல்மூஞ்சியை எல்லாம் கொண்டுவரவும் என்று மட்டும் மாலுமிகளிடம் சொல்லப்பட்டது. எத்தனை வேண்டும் என்பது விதிப்புத்தகத்தில் இருந்தது. விதிப்புத்தகம் வெளியாருக்குக் காட்டக் கூடாதது. கப்பலிலிருந்து தினமும் வந்த செய்தி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. முதல் நாள் ஒன்பது. இரண்டாம் நாள் ஏழு. பிறகு ஐந்து, நாலு, மூன்று. ஆறாம் நாள் ஒன்று. வளையக்காரர் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பலகைக்கு முன்னால் போய் நின்றார். எண்ணுவதற்கு அவர் பயந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து நாள்களுக்குச் சுழியம். பதினோராம் நாளும் சுழியம் என்றது செய்தி. கப்பல் திரும்பியது.

இருபத்தொன்பது.

இரவல் வாங்கி வந்த பொருளைப் போல ஒவ்வொரு கல்லையும் எடுத்து அறுத்தார். மூன்று வாரத்தில் எண்ணி முடித்தார். இளையது தொண்ணூற்றாறு, மூத்தது நூற்றுநாற்பத்துமூன்று. இணைப்புத் தாளில் மூன்று கையெழுத்தும் வாங்கினார். மூன்றாவது ஆள் இயக்குநரின் ஓட்டுநர் என்று இந்த முறை தெரிந்தது.

கூட்டத்தில் படிவப் பிரிவுத் தலைவி தாளை இரண்டு தடவை புரட்டினாள். "ஒண்ணு குறையுது" என்றாள்.

"அதுக்கு மேல கிடைக்கலைம்மா. மலையில இல்லை. அதுவே ஆதாரம்தானே?"

"இல்லாத மீனுக்கு எப்படிங்க வயசு எழுதறது?"

இயக்குநர் கையை உயர்த்தினார். "நண்பர்களே, இன்னைக்கு நாம ஒரு பெரிய சோதனையில தேறியிருக்கோம். இருபத்தொன்பது மீன் ஒரே குரல்ல ஒரு எண்ணைச் சொல்லி நம்மளை நெருக்குச்சு. நாம அசையலை. முப்பதுன்னா முப்பது. இதுதான் விஞ்ஞானம். பழைய எண்ணே நிக்குது. பருவம் குறிச்ச தேதியில தொடங்கும். ஆனா ஊழியரோட குறையை நான் காதுல வாங்காம இல்லை." அவர் ஒரு புத்தம்புதுத் தாளை உயர்த்திக் காட்டினார். "ஏழாம் படிவம், திருத்தின பதிப்பு. வயசுக்கு இனிமே மூணு கட்டம்!"

கைதட்டல் எழுந்தது. தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழு மறுபடி கூடியதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். வளையக்காரருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும், புதிய படிவத்தில் ஆயிரம் பிரதியும் தந்தார்கள்.

"இன்னும் ஒரே ஒரு மீன்..." என்று எழுந்தார் அவர்.

"தாராளமா போகலாம்" என்றார் இயக்குநர். "ஆனா இந்த இருபத்தொன்பதும் பழசாயிடும். புதுசா முப்பது வேணும்."

அன்று ஐந்து பத்துப் பேருந்தில் இடம் இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். முன்பு முப்பது, இப்போது இருபத்தொன்பது. நடுவே ஒன்பது வருடம். வாய் திறக்காமல் இருந்ததில் மலை போனது, வாய் திறந்ததில் மிச்சமும் போனது. இந்தப் பாவத்தை எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டில் மச்சினன் வந்திருந்தான். அக்கா அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அத்தான், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கடைசி நாள் ஒண்ணு வந்துச்சு."

வளையக்காரர் பையைக் கீழே வைக்கவில்லை.

"குட்டி அத்தான். என் உள்ளங்கை அளவுதான். ஒன்பது வருஷத்துல நான் பார்த்த ஒரே குட்டி. பதிவுல சேர்க்கறதுக்கு முன்னாடி எடுத்து ஒளிச்சேன். நீங்க அந்த மீனை நினைச்சு எப்படி உருகிட்டிருக்கீங்கன்னு அக்கா சொல்லிச்சு. மலைக்கு ஒண்ணாவது மிஞ்சட்டும்னு திரும்பக் கடல்லயே விட்டுட்டேன். உங்களுக்காகத்தான் விட்டேன். நான் பண்ணினது சரிதானே?"

முப்பதாவது மீன். அது அந்த மேஜைமேல் வந்திருந்தால் இன்று மலை மூடப்பட்டிருக்கும். வளையக்காரரின் வாய் வரைக்கும் அந்தக் கணக்கு வந்தது. அவன் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவன் தானாக யோசித்துச் செய்த ஒரே நல்ல காரியம் அந்த முகத்தில் எழுதியிருந்தது. கணக்கை விழுங்கிக்கொண்டார்.

"சரிதான்டா" என்றார்.

"கொஞ்ச நேரம் மிதந்துச்சு அத்தான். வாய்ல ஏதோ தள்ளிட்டு இருந்துச்சு. அப்புறம் அலையில தெரியலை. கீழ போயிருக்கும்ல? பிழைச்சிருக்கும்ல?"

வாயில் தள்ளிக்கொண்டிருந்தது என்ன என்று ஒன்பது வருடம் வலை இழுத்தவனுக்குத் தெரியாமல் இல்லை. வேறு பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறான்.

"பிழைச்சிருக்கும்."

"எவ்வளவு காலம் இருக்கும்?"

அடுக்களையிலிருந்து மனைவி மூன்று டம்ளர்களோடு வந்தாள். வளையக்காரர் மச்சினனின் தோளில் கையை வைத்தார்.

"நூறைத் தாண்டும்" என்றார்.

அவன் நிம்மதியாக டீயை எடுத்துக் குடித்தான். ஒரு கல்மூஞ்சிக்கு வளையக்காரர் சொன்ன மூன்று இலக்க வயதை ஒருவர் அப்படியே ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் முறை. அந்தக் குட்டி செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.